நெருப்புக்குப் பயந்த அரண்மனை: பெய்ஜிங்கில் ஒரு மரவாடிக்காரரின் ஒரு நாள்

வாசலில் சோதனை நடந்தபோது எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைப்பையில் ஒரு லைட்டர் இருந்தது. அதை வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். உள்ளே புகை பிடிக்கக் கூடாது, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கொண்டுபோகக் கூடாது. 2013 முதல் அங்கே இதுதான் விதி. அதைப் பார்த்ததுமே அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. காரைக்குடியில் எங்களுக்கு மரவாடி. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மாத் தேக்குத் தூண், நிலை, உத்திரம் இவற்றை வாங்கி விற்கும் தொழில், அப்பா காலத்திலிருந்து. எங்கள் வாடிக்குள்ளும் பீடி பற்றவைக்க யாரையும் விடமாட்டேன்.

பெய்ஜிங்கின் நடுவில் இருக்கும் இந்த அரண்மனைக்குத் தடைசெய்யப்பட்ட நகரம் என்று பெயர். மொத்தம் 72 ஹெக்டேர், நம் கணக்கில் 178 ஏக்கர் அளவுக்கு வரும். 8,700-க்கும் மேற்பட்ட அறைகள். சுற்றிலும் 52 மீட்டர் அகலத்துக்கு அகழி. 1406-இல் வேலை தொடங்கி 1420-இல் முடித்தார்கள். மிங், சிங் என்ற இரண்டு வம்சங்களைச் சேர்ந்த 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். மதில், மேடை, தரை போகக் கட்டடம் என்று சொல்லத்தக்கது அநேகமாக எல்லாமே மரம்.

இதைக் கட்டச் சொன்னவர் யோங்லே பேரரசர். நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. செங் ஹே என்ற தளபதியைக் கப்பல் கப்பலாக அனுப்பினாரே, அவர்தான். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பொறித்து, 1409 என்று தேதியிட்டு, இலங்கைக்குக் கொண்டுவந்த கல் இந்த யோங்லேயின் பெயரில்தான் இருக்கிறது. அங்கே காலி என்ற ஊரில் கிடைத்த அந்தக் கல்லைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். அதன் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரரின் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

போனது நான், என் மனைவி, அங்கே மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகள் கயல். ஜூலை கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை விடுமுறை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் பற்றி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் தடுமாறுவது இதில்தான். நாங்கள் பயணம் ஏற்பாடு செய்த ஏஜென்ட், "எல்லாம் பேக்கேஜில் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் அரண்மனை டிக்கெட் மட்டும் கிடைக்கவில்லை என்றார். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார். அப்படி வாங்க முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். ஏழு நாள் முன்னதாக, அவர்கள் ஊர் நேரம் இரவு 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். பாஸ்போர்ட் எண் கொடுத்து ஆளுக்கு ஒரு டிக்கெட். கோடையில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். யாரோ ரத்து செய்த இடங்கள் கிடைக்குமா என்று கயல் இரண்டு நாள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலைப் பிரிவில் மூன்றும் கிடைத்துவிட்டது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், குளிர்காலத்தில் 40. ஒரு யுவான் 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 720 ரூபாய். புதையல் கூடத்துக்கு 10 யுவான், கடிகாரக் கூடத்துக்கு 10 யுவான் தனி. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். இவ்வளவு பெரிய இடத்துக்கு இந்தக் கட்டணம் மிகக் குறைவு என்றுதான் சொல்வேன்.

நுழைவது தெற்கே வூமென் வாசல் மட்டும். வெளியேறுவது வடக்கு அல்லது கிழக்கு வாசல். அதனால் எதையாவது விட்டுவிட்டு வடக்கே போய்விட்டால் அப்புறம் கூட்டத்துக்கு எதிரே நடந்து திரும்புவது சிரமம். தியானன்மென் பக்கமாக வந்தால் சோதனை வரிசையே நீளமாக இருக்கும் என்று கயல் எங்களைக் கிழக்கே தோங்ஹுவாமென் பக்கமாகக் கூட்டிவந்தாள். அகழி ஓரமாக மர நிழலில் நடக்கலாம். அந்த வாசல் கதவையும் பார்த்துவிட்டுப் போங்கள். மற்ற வாசல்களின் கதவில் ஒன்பதுக்கு ஒன்பதாக 81 குமிழ் ஆணிகள் இருக்கும். இதில் மட்டும் 72.

உள்ளே போனதும் முதல் முற்றம், அதில் வில் போல் வளைந்து ஓடும் கால்வாய், மேலே ஐந்து பளிங்குப் பாலங்கள். எல்லாரும் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் அழகுக்காக மட்டும் ஓடவில்லை. வடமேற்கில் நுழைந்து அரண்மனைக்குள் சுற்றித் தென்கிழக்கில் வெளியேறுகிறது. தீப்பிடித்தால் அள்ளி ஊற்ற அதுதான் முதல் கை. இதைக் கயல் படித்துச் சொன்னதிலிருந்து நான் பார்த்த ஒவ்வொன்றிலும் நெருப்பும் தண்ணீருமே தெரிய ஆரம்பித்தது.

தாய்ஹெ மண்டபம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மூன்று அடுக்கு வெள்ளைப் பளிங்கு மேடை, அதன் மேல் 72 தூண்கள் தாங்கும் மரக் கட்டடம், மேலே மஞ்சள் ஓடு. தரையிலிருந்து கூரை உச்சிவரை 35 மீட்டர். உள்ளே போக விடமாட்டார்கள், வாசலில் கட்டியிருக்கும் தடுப்புக்கு வெளியே நின்றுதான் சிம்மாசனத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஐந்தாறு வரிசைக்குக் கைகள் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும். நடு வாசலில் முண்ட வேண்டாம். ஓரத்து வாசலுக்குப் போனால் சிம்மாசனம் கோணலாகத் தெரியும், ஆனால் தூணும் உத்திரமும் நன்றாகத் தெரியும். உள்ளே விளக்கு வெளிச்சம் இல்லை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். சிம்மாசனத்தைச் சுற்றி ஆறு தூண்களில் தங்க டிராகன்கள் சுற்றி ஏறுவது அப்போதுதான் துலங்கும்.

முதலில் இந்த மண்டபங்களுக்கு நன்மு என்ற மரத்தைப் போட்டிருக்கிறார்கள். சிச்சுவான், யுன்னான் பக்கத்து மலைகளில் வெட்டி, வெள்ளம் வரும்வரை காத்திருந்து ஆற்றில் விட்டு, கால்வாய் வழியாக வடக்கே இழுத்து வந்திருக்கிறார்கள். ஒரு மரம் வந்து சேரச் சில வருடங்கள்கூட ஆகும். அப்படிக் கொண்டுவந்து கட்டி முடித்துத் திறந்த சில மாதங்களிலேயே, 1421-இல், இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்துபோயின. மறுபடி கட்டினார்கள். 1557-இல் மறுபடி எரிந்தது. 1597-இல் இன்னொரு முறை. 1679-இல் இன்னொரு முறை. ஒரு மரக்காரனாக எனக்கு இது தாங்கவில்லை. வைரம் பாய்ந்த ஒரு தூண் உருவாக எத்தனை தலைமுறை ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நாம் பார்ப்பது காங்ஷி பேரரசர் காலத்தில் 1695-இல் தொடங்கி 1697-இல் முடித்தது. அதற்குள் அந்த அளவு நன்மு மரம் கிடைக்காமல் போய்விட்டது. பைன் மரத்தைப் போட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குத் தலைமை ஆசாரி லியாங் ஜியு என்பவர். அப்போது அவருக்கு நல்ல வயது. கட்டுவதற்கு முன்னால் முழு மண்டபத்தையும் பத்தில் ஒரு பங்கு அளவில் மரத்திலேயே செய்து காட்டினாராம். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்கிற மாதிரிக் கணக்கு, சீன அடிக்குப் பத்து அங்குலம்தான். பேரரசர்களின் பெயர்களை விட்டுவிட்டு இந்தப் பெயரைத்தான் நான் என் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கூரை விளிம்பைப் பாருங்கள். முனையில் வரிசையாகச் சிறு உருவங்கள் உட்கார்ந்திருக்கும். மற்றக் கட்டடங்களில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று தகுதிக்கு ஏற்றபடி. தாய்ஹெ மண்டபத்தில் மட்டும் பத்து. அந்தப் பத்தாவது உருவம் இறக்கை வைத்த குரங்கு போல, கையில் ஒரு உலக்கையோடு இருக்கும். இடியைத் தடுக்க வைத்தது. கீழிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். கூரைக்குக் கீழே தூணின் தலையில் போதிகை போல அடுக்கடுக்காக மரக்கட்டைகள் வெளியே தள்ளிவரும். சீனத்தில் தோகோங் என்கிறார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது, ஒன்றின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள். கூரையின் எடை அப்படியே தூணுக்கு இறங்கும், நிலநடுக்கம் வந்தால் ஒன்றின் மேல் ஒன்று நெகிழ்ந்து கொடுக்கும். நான் அங்கே கழுத்து வலிக்கும்வரை நின்றேன். "சித்தப்பா, இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று கயல் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மண்டபங்களைச் சுற்றிப் பெரிய பெரிய அண்டாக்கள் நிற்கின்றன. வெண்கலம், இரும்பு, சிலவற்றில் தங்க முலாம். மொத்தம் 308 இருந்ததாகக் கணக்கு. எல்லாம் தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தவை. வாசல் கடல் என்று அவற்றுக்குப் பெயர், எவ்வளவு அருமையான பெயர்! பெய்ஜிங் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் அண்டாவுக்குப் பஞ்சுப் போர்வை போர்த்தி, அடியில் கரி போட்டுத் தணல் மூட்டி வைப்பார்கள். நெருப்பை அணைக்கும் தண்ணீரை நெருப்பு வைத்தே காப்பாற்றியிருக்கிறார்கள். முலாம் பூசிய அண்டாக்களில் கீறல் கீறலாக இருக்கிறது. 1900-இல் உள்ளே நுழைந்த எட்டு நாட்டுப் படையினர் தங்கத்தைச் சுரண்டி எடுத்த தழும்பு என்கிறார்கள். என் மனைவி ஒரு அண்டாவின் பக்கத்தில் நின்று அந்தக் கீறல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

பதினொன்றரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மூன்று பெரிய மண்டபங்களில் கடைசியான பாவ்ஹெ மண்டபத்துக்குக் கிழக்கே மேடையிலிருந்து இறங்கி ஒரு வாசல் கூரையின் கீழ் ஒதுங்கினோம். கூட்டம் எல்லாம் ஓடி மறைந்துவிட்டது. பளிங்கு மேடையின் கைப்பிடித் தூண் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு டிராகன் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று அடுக்கிலும் சேர்த்து 1,142 தலைகள். வெயிலில் பார்த்தால் வெறும் அலங்காரம். மழை வலுத்துப் பத்து நிமிடம் ஆனதும் அந்த வாய்களிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. முதலில் சொட்டு, அப்புறம் நூல், அப்புறம் ஒவ்வொரு தலையும் தனித்தனியாகத் துப்புகிறது. மேல் அடுக்கு நடு அடுக்கில் விழ, நடு அடுக்கு கீழ் அடுக்கில் விழ, அந்த வெள்ளைக் கல் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். மேடையில் ஒரு இடத்திலும் தண்ணீர் தேங்கவில்லை. மரத்தூணின் அடி நனையாமல் அறுநூறு வருடமாக அந்த வாட்டம் வேலை செய்கிறது. எங்கள் ஊரில் முற்றத்து வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன், வாட்டம் தவறிப்போய்த் தூண் அடி மக்கியதை எத்தனையோ முறை வெட்டி எடுத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், ஜூலை ஆகஸ்டில் மழை வரும் என்று பயந்து போகாமல் இருக்காதீர்கள். குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

மழை விட்டதும் பாவ்ஹெ மண்டபத்தின் பின்பக்கம் போனோம். படிக்கட்டின் நடுவில் மேகமும் டிராகனும் செதுக்கிய ஒரே கல். 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை. ஊருக்கு வெளியே ஃபாங்ஷான் மலையில் வெட்டி, குளிர்காலத்தில் வழி நெடுகக் கிணறு தோண்டி, தண்ணீர் ஊற்றி உறையவைத்து, அந்தப் பனிக்கட்டிப் பாதையில் வழுக்கி இழுத்து வந்திருக்கிறார்கள். அங்கேயும் தண்ணீர்தான்.

உள் அரண்மனை தொடங்கும் இடத்திலிருந்து என் மனைவிக்குச் சிரமம். வாசலுக்கு வாசல் உயரமான நிலைப்படி. காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட வேண்டும். முற்றத்துத் தரைக்கல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. வெளி முற்றங்களில் மரமே கிடையாது, அதனால் நிழலும் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் நல்ல செருப்பு அல்லது ஷூ போட்டு, கையில் ஒரு மடக்கு ஸ்டூல் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நிலைப்படியில் அவள் தடுமாறி நின்றபோது கயல் ஒரு செய்தி சொன்னாள். கடைசிப் பேரரசர் பூயி, இரண்டு வயதில் சிம்மாசனம் ஏற்றப்பட்ட பிள்ளை, பெரியவனாகி சைக்கிள் பழகியபோது சக்கரம் உருள வேண்டும் என்று நிலைப்படிகளை அறுக்கச் சொன்னாராம். நிலைப்படியை அறுப்பது எங்கள் தொழிலில் மனசு கேட்காத காரியம். ஆனால் 1912-இல் பட்டம் போன பிறகும் 1924 வரை இந்த மதிலுக்குள்ளேயே வாழவேண்டியிருந்த ஒரு பையனை நினைத்தால் கோபம் வரவில்லை. அவர் இருந்த காலத்தில், 1923-இல், ஜியான்ஃபு அரண்மனை ஒரு ராத்திரியில் எரிந்து, சேர்த்துவைத்த பொருள்களெல்லாம் சாம்பலாயின. திருட்டை மறைக்க அரண்மனை ஊழியர்களே வைத்த தீ என்று அப்போதே சந்தேகப்பட்டார்கள். 1925 அக்டோபர் 10-இல் இந்த இடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

சாப்பாட்டுக்கு உள்ளே கடைகள் உண்டு. பழைய காலத்தில் பனிக்கட்டி சேர்த்து வைத்த நிலவறை ஒன்றையே உணவகமாக்கியிருக்கிறார்கள். அன்று ஆடி வெள்ளி என்பதால் என் மனைவி சைவம். கயல் காலையிலேயே ரைஸ் குக்கரில் எலுமிச்சைச் சாதம் கிளறி டப்பாவில் கொண்டுவந்திருந்தாள், அதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு பழுப்புப் பூனை வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. அரண்மனைக்குள் நிறையப் பூனைகள் இருக்கின்றன, எல்லாம் நல்ல ஊட்டமாக.

புதையல் கூடம் வடகிழக்கு மூலையில். தங்கம், ரத்தினம் எல்லாம் பார்த்தோம், சரி, அவ்வளவுதான். அங்கே விடாமல் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பச்சைக்கல் மலை. 2.24 மீட்டர் உயரம், ஐந்து டன்னுக்கு மேல் எடை. சின்ஜியாங்கிலிருந்து வந்த கல், யாங்சோவில் செதுக்கி 1787-இல் முடித்தது. வெள்ளத்தை அடக்க மலையைக் குடையும் ஆட்கள் அதில் நுணுக்கமாக இருக்கிறார்கள். இன்னொன்று, 1772-இல் எழுப்பிய ஒன்பது டிராகன் சுவர், 270 மெருகு ஓடுகள். கிழக்கிலிருந்து மூன்றாவது, வெள்ளை டிராகனின் வயிற்றைக் கவனியுங்கள். ஒரு துண்டு ஓடு அல்ல, மரம். சூளையில் ஒன்று உடைந்துபோக, தலை தப்ப வேண்டும் என்று ஒரு ஆசாரி ராத்திரியோடு ராத்திரியாக மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிப் பொருத்திவிட்டார் என்று கதை. இப்போது வர்ணம் போய் மரம் வெளியே தெரிகிறது. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் நான் விரலால் காட்டினேன், மொழி தெரியாவிட்டாலும் புரிந்துகொண்டார்கள். கடிகாரக் கூடத்தில், தூரிகை பிடித்துச் சீன எழுத்து எழுதும் பொம்மை வைத்த ஆங்கிலேயக் கடிகாரம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதை விடக்கூடாது.

என் மனதில் நின்றது இது எதுவும் இல்லை. கிழக்கு ஆறு அரண்மனைகளில் யான்ஷி அரண்மனை என்று ஒன்று. 1845-இல் அது எரிந்துபோனது. 1909-இல் அந்த இடத்தில், எரியவே முடியாத ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். கல், இரும்பு, கண்ணாடி. சுற்றிலும் தண்ணீர் விட்டு, கண்ணாடி வழியாக மீன் பார்க்கும்படி ஒரு நீர் மாளிகை. வேலை முடியுமுன் 1911 புரட்சி வந்துவிட்டது. மரமும் மஞ்சள் ஓடுமாக இருக்கும் அத்தனை பெரிய வளாகத்துக்குள், செதுக்கிய வெள்ளைக் கல்லும் துருப்பிடித்த இரும்புக் கூடுமாக அது பாதியில் நிற்கிறது. தண்ணீர் வராத தொட்டிக்குள் புல் முளைத்திருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஐந்நூறு வருடம் பயந்தவர்கள் கடைசியில் மரத்தையே கைவிட்டுக் கட்ட நினைத்த வீடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேரக் கணக்கு: காலை எட்டரைக்கு உள்ளே போய் நாலு மணிக்கு வெளியே வந்தோம், மேற்குப் பக்கம் முழுவதும் விட்டுப்போனது. நடு வழியாக மட்டும் நடந்து இரண்டு மணி நேரத்தில் வெளியேறும் குழுப் பயணத்தில் தயவுசெய்து போகாதீர்கள். முழு நாள் கொடுங்கள். வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் 1644-இல் உயிரை விட்ட இடம். மனைவியைக் கீழே உட்காரவைத்துவிட்டு நானும் கயலும் ஏறினோம். மழையில் கழுவிய மஞ்சள் கூரைகள் தெற்கே கண்ணுக்கு எட்டியவரை தெரிந்தன.

அருங்காட்சியகக் கடையில், அரண்மனை மதிலின் மூலைக் கோபுரத்தின் சிறு மர மாதிரி ஒன்று வாங்கினேன். பிரித்துப் பொருத்தக்கூடியது. ஊருக்கு வந்து வாடியில் வேலை செய்யும் பெரிய ஆசாரியிடம் கொடுத்தேன். மதியம் முழுக்கப் பிரித்துத் துண்டுகளைத் துணியில் பரப்பி வைத்துவிட்டு, "ஒரு ஆணி இல்லையே அண்ணே" என்றார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒரு துண்டு மிச்சமில்லாமல் திரும்பக் கட்டிவிட்டார். இப்போது அது கல்லாவுக்கு மேலே, ஊதுபத்தி வைக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது.